கழுவக்கூடாத பில்டர்

மாமி எனக்குத் தந்த வீட்டுச் சாவி ஈரமாக இருந்தது. கண்டியில் வேலை கிடைத்து, மாவில்மடையில் அவர்களுடைய மாடி அறைக்குக் குடிவந்த நாள் அது. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தலையணையுமாக நான் வாசலில் நின்றேன். அவர் குசினியிலிருந்து சாவியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"முந்தி இந்த அறையில ஈந்தவங்கட கையெல்லாம் பட்டது. கழுவித்தான் ஈக்கி, பயப்படாம பிடிங்க மகள்."

எனக்கு அவர் சொந்தமில்லை, வீட்டுக்காரர். நான் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவர்கள் நகரத்தில் பல தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். "ஆன்ட்டி கீன்ட்டி வேணாம், மாமி எண்டு கூப்புடுங்க" என்று அன்றே சொல்லிவிட்டார். அவருடைய கணவர் தானாகவே மாமாவானார்.

நான் எதையும் பட்டியலாக யோசிக்கிறவள். மாமி கழுவும் பொருட்களைப் பட்டியலிட முயன்று தோற்றுப்போனேன். கழுவாதவற்றைப் பட்டியலிடுவது சுலபமாக இருந்தது: உப்பு, சீனி, பத்திரிகை, மின்குமிழ். மற்ற எல்லாம் அவர் வீட்டுக்குள் தண்ணீரைக் கடந்துதான் வந்தன. வெங்காயம் உரிக்க முன்னும் கழுவப்படும், உரித்த பின்னும் கழுவப்படும். வாழைப்பழம் தோலோடு குளிக்கும். வேறொருவர் கைபட்டால் சவர்க்காரக் கட்டியையே கழுவி வைப்பார். எதற்கும் மூன்று தண்ணீர். முதல் தண்ணீர் ஊத்தைக்கு, இரண்டாவது சவர்க்காரத்துக்கு, மூன்றாவது மனதுக்கு என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்.

"சீனியையும் ஒருக்கா கழுவிப் பாத்தவதான்" என்பார் மாமா. "கரைஞ்சு போனதால உட்டுட்டா."

"இவங்கட பேச்சக் கேக்காதீங்க மகள். கடையில பொய் செல்லியே பழகின வாய்."

நான் வேலை செய்தது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். அது தெரிந்த பிறகு மாமியின் பார்வையில் நான் டொக்டருக்கும் மேலே போய்விட்டேன். மாலையில் படியேறும்போது குசினி ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"இண்டைக்கி தண்ணிக்கு எத்தன மார்க்கு?"

"நல்ல மார்க்குங்க மாமி."

"பாஸா?"

"பாஸ்தாங்க."

மழைக்காலத்தில் குழாய்த்தண்ணீர் லேசாகக் கலங்கினால் கடையிலிருந்து வந்த வெள்ளைத் துணியை நான்காக மடித்துக் குழாய்வாயில் கட்டுவார். மறுநாள் அந்தத் துணியில் படிந்திருக்கும் மஞ்சளை, பிள்ளையின் மோசமான ரிப்போர்ட்டை அயல்வீட்டுக்காரரிடம் காட்டும் தாயைப்போல என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்.

அவருடைய சுத்தத்தைப் பார்த்து நான் உண்மையாகவே பயந்தது ஒரு நாள் மட்டுந்தான். அப்பா என்னைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் கவ்வாத்து வேலை முடித்து, மழையில் நனைந்து, பஸ்ஸில் வந்திருந்தார். சப்பாத்தில் மடுல்கெல்லை மண் அப்படியே இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வேணாங்கம்மா, நான் இங்கனயே இருக்கேன். கால் எல்லாம் சேறா இருக்கு."

நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிலத்தை அவர் காலையில்தான் துடைத்திருந்தார்.

"மழைக்கு சேறு ஒட்டாம வேற என்னா ஒட்டும்? உள்ளுக்கு வாங்க. சாப்பாடு ஆறுது."

அப்பா ஹோலில் கதிரை நுனியில் உட்கார்ந்து சாப்பிட்டார். புறப்பட வெளியே வந்தால் சப்பாத்தைக் காணோம். பின்முற்றத்தில், கயிறு கழற்றப்பட்டு, நாக்கு வெளியே இழுக்கப்பட்டு, மூன்று தண்ணீரில் குளித்த சப்பாத்து சுவரில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமி பழைய பல்துலக்கியோடு குந்தியிருந்தார். அப்பாவின் சப்பாத்தை அம்மாகூட ஒருநாளும் கழுவியதில்லை. அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு மாமாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மடுல்கெல்லைக்கு பஸ் ஏறினார்.

"அந்தம்மா என் சப்பாத்த கழுவிருச்சே பாப்பா" என்று இரவு போனில் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அடுத்த முறையிலிருந்து வழியில் இருக்கும் பொதுக்குழாயில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டுதான் வருவார். மாமி அதை மீண்டும் கழுவுவார்.

இப்படிப்பட்டவரின் ஹோலுக்குள் ஆறடி மீன்தொட்டி ஒன்று வந்தது.

மாமா பேசிப் பிழைத்தவர். காலை முதல் மாலை வரை கடையில் நின்று, துணியை விரித்து, வந்தவர்களோடு பேசிக்கொண்டேயிருந்த மனிதர். நெஞ்சு வருத்தம் வந்து, இனி நாள்முழுக்க நிற்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதும் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அதோடு பேச்சும் நின்றது. ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து வீதியைப் பார்ப்பார். சீனி கழுவும் பகிடியைக்கூட மறந்துபோனார். மாமி வேண்டுமென்றே அவர் முன்னால் போய்ச் சண்டைக்கு இழுப்பார். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

தம்பிதான் அந்தத் தொட்டியை வாங்கி அனுப்பினார். பெரிய தங்கமீன்கள், செம்மஞ்சளும் வெள்ளையுமாக. மாமி முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மூத்திரம் போற தண்ணியிலயே குடிச்சிட்டு ஈக்கிற சாமான். எங்கட ஹோலுக்கா?" என்றார். ஆனால் ஒரு வாரத்துக்குள் மாமா கதிரையைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு காலை, நான் படியிறங்கும்போது ஹோலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"வாங்க தங்கச்சி, உள்ளுக்கு வாங்க. இந்தக் கலர் உங்களுக்கெண்டே வந்தது. சாயம் போகாது. எடுத்துப் பாருங்க, பாக்கிறதுக்கு சல்லி இல்லதானே."

வாடிக்கையாளர் தொட்டிக்குள் இருந்தார். மாமி குசினி வாசலில், கையில் கழுவிய பீங்கான் தட்டோடு, மூச்சுவிடாமல் நின்றார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார்.

அதன் பிறகு மீன்கள் சாகத் தொடங்கின.

முதலில் ஒன்று. சில நாள் கழித்து இன்னொன்று. மாமா ஒவ்வொன்றையும் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கையைக்கூடக் கழுவாமல் உட்காருவார். மாமி அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார், அதுவே நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குச் சொல்லும். ஒரு வெள்ளிக்கிழமை மாமா சொன்னார்: "இன்னொண்டு செத்தா தொட்டிய வித்துருவோம். என்ட கையில உசிரு நிக்காது." திரும்பவும் கதிரை ஜன்னல் பக்கம் போனது.

அன்று மாமி மாடிக்கு ஏறி வந்தார். முழங்கால் வலியால் அவர் ஏறாத படி அது.

"நல்ல பில்டர் ஒண்டு பாத்துச் செல்லுங்க மகள். நீங்க தண்ணி படிச்ச புள்ள. அவங்க மறுகா பேசாமப் போனா என்னால ஏலா."

தொட்டியோடு வந்தது உள்ளே ஒட்டிவைக்கும் சின்னப் பெட்டி. ஆறடித் தொட்டிக்கும் அந்த மீன்களுக்கும் அது போதாதென்பது பார்த்த உடனே தெரிந்தது. நான் ஒழுங்காகவே வேலையைத் தொடங்கினேன். தொட்டியின் கொள்ளளவு, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை முறை அவ்வளவு தண்ணீரும் பில்டரைக் கடந்து வரவேண்டும், மாமா பகலில் ஹோலிலேயே தூங்குவதால் சத்தம், தங்கமீன் அதிகம் கழிவு விடும் சாதி என்பதால் உள்ளே பஞ்சுக்கும் பீங்கான் வளையத்துக்கும் எவ்வளவு இடம். பேராதனை வீதியில் வண்ணமீன் கடைக்காரரிடம் கேள்வி கேட்டுக் கேட்டு அவர் எனக்குக் கதிரை போட்டுக் கொடுத்துவிட்டார். கடைசியில் தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைக்கும், மூடிபோட்ட உருளை பில்டரைத் தேர்ந்தெடுத்தேன். சத்தமில்லை, இடம் நிறைய, மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். யார் திறப்பார் என்ற வரி என் பட்டியலில் இருக்கவில்லை.

புதிய பில்டர் ஓடத் தொடங்கியதும் தண்ணீர் பளிங்காகியது. புதிய மீன்களும் வந்தன. மாமா கதிரையைத் திருப்பினார். கொஞ்ச நாள் போனது. பிறகு ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் அது கொய்யா மரத்தடிக்குப் போனது. தொட்டியை விற்க முன் ஒரு கிழமை பொறுக்கும்படி மாமாவிடம் கேட்டேன்.

போத்தலில் தண்ணீர் பிடித்து வேலைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிபோல இருந்த அந்தத் தண்ணீரில் அமோனியா ஏறியிருந்தது. மீன் விடும் கழிவின் நஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாது. அதை எடுப்பதற்குத்தான் பில்டர், அந்த பில்டர் ஏன் எடுக்கவில்லை? மோட்டார் சரி. ஓட்டம் சரி. எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது விளங்கியது. செத்தல் மிளகாய் காயும் சுளகுக்குப் பக்கத்தில் இன்னொரு சுளகு. அதில் பில்டரின் பீங்கான் வளையங்கள் பப்படம் மாதிரி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கொடியில் பஞ்சு, இரண்டு கிளிப் போட்டு. எல்லாம் வெள்ளை வெளேரென்று.

"சுடுதண்ணில போட்டு, உப்புப் போட்டு, மூணு தண்ணில அலசின" என்றார் மாமி பெருமையோடு. "வாரா வாரம் செய்ற. இண்டைக்கி தொறந்து பாத்தா என்னா ஊத்த மகள்! அதுதான் மீன் சாகுது. இனி ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவோணும்."

மீன் செத்தால் அவர் அதிகம் கழுவினார். அவர் அதிகம் கழுவ மீன் செத்தது.

நான் உட்கார்ந்து விளக்கினேன். அந்த மண்ணிற வழுவழுப்பில்தான் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, மீனின் நஞ்சைத் தின்பவை அவைதான், சுடுதண்ணீரும் குழாய்த்தண்ணீரில் உள்ள குளோரினும் அவற்றைக் கொன்றுவிடும், பஞ்சைத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்றெல்லாம்.

"கிருமி வளக்கவா இவ்வளவு பெரிய பில்டர் வாங்கின?"

"நீங்க ஆப்பத்துக்குப் பழைய மா எடுத்து வைக்கிறீங்கல்ல மாமி? அதக் கழுவி ஊத்திட்டா மா புளிக்குமா? அது மாதிரித்தாங்க இது."

"அது மா. இது மூத்திரம்."

சொல்லிவிட்டு அவர் சுளகிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"அப்ப நான்தான் கொன்டிருக்கேன்."

"அப்படி இல்லங்க மாமி."

"அப்படித்தான் மகள். வெளங்குது. நீங்க செல்றது நல்லா வெளங்குது. ஆனா கை கேக்காது. ஊத்தய வீட்டுக்குள்ள வெச்சிட்டு எனக்கு தூக்கம் வராது."

எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு. வால்வைத் திருப்பாதீர்கள் என்று பலகை எழுதி வைப்பதைவிட, திருப்பினாலும் ஒன்றும் கெடாதபடி குழாய் போடுவதே நல்லது. மாமியின் கையைத் திருத்த என்னால் முடியாது. அந்தக் கைதான் என் அப்பாவின் சப்பாத்தைக் கழுவியது. அதைத் திருத்த எனக்கு விருப்பமும் இல்லை. கைக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

திரும்பவும் கடைக்குப் போய், தொட்டியின் மேல் விளிம்பில் வைக்கும் திறந்த பில்டர் ஒன்றை வாங்கினேன். நீளமான தட்டு, அதில் வெள்ளைப் பஞ்சு, தொட்டித்தண்ணீர் மேலிருந்து அதில் விழும். எச்சில் தீனியும் கழிவும் பஞ்சில் கண்ணெதிரே தங்கும். இதை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு நல்லதுதான், உண்மையாகவே. முரட்டு ஊத்தை இங்கேயே போய்விட்டால் கீழே உள்ள உருளைக்குப் பாரம் குறையும்.

"மாமி, இதுதாங்க உங்க பில்டர். தினமும் கழுவலாம். கீழ அலுமாரியில இருக்கறது வெறும் மோட்டார். கரண்டு. அதத் தொடக் கூடாது."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்க்கவில்லை.

"மூணு தண்ணி?" என்றார் மாமி.

"முப்பது தண்ணியும் ஊத்தலாங்க."

அன்றிலிருந்து விடிகாலை சுபஹு தொழுகை முடிந்ததும் அந்தப் பஞ்சு அவர் கைக்குப் போகும். இரண்டு பஞ்சு வைத்துக்கொண்டார். ஒன்று தட்டில், ஒன்று கொடியில். உருளையை மாதம் ஒருமுறை திறந்து அலசும் வேலை எனக்கு. அதற்கு வசதியாக மாமிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்குறணையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். முன்பு பெருநாளைக்குக்கூட அங்கே தங்கமாட்டார். அவர் போனதும் மாமா வாசலில் காவலுக்கு நிற்பார். நான் திருடியைப்போல அலுமாரியைத் திறந்து, வாளியில் எடுத்த தொட்டித்தண்ணீரில் பஞ்சை ஒரு அமுக்கு அமுக்கி, மண்ணிறம் மாறாமலே திரும்ப வைப்பேன்.

"கெதியா புள்ள, கெதியா" என்பார் மாமா. "இவ வந்தா என்னையும் சேத்துக் கழுவிடுவா."

பகிடி திரும்பி வந்திருந்தது. கொய்யா மரத்தடிக்கு அதன் பிறகு எந்த மீனும் போகவில்லை. வெள்ளை மீன் ஒன்று உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, மாமா விரலைக் காட்டினால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். அதற்கு அவர் முதலாளி என்று பெயர் வைத்தார். முதலாளி ஒருநாளும் எதையும் வாங்காமல் எல்லாத் துணியையும் விரிக்கச் சொல்வதாக மாமியிடம் குறை சொல்வார்.

வேலையில் எனக்கு இடமாற்றம் வந்தது. வவுனியாவுக்குப் போகவேண்டும். பெட்டி கட்டும்போது மனதில் ஓடிய வேலைகளில் உருளைதான் கடைசியாக நின்றது: இனி அதை யார் திறப்பது? மாமாவிடம் சொல்லிக் கொடுத்தேன். அவர் பழகிப்பார்த்த அன்று வாளித்தண்ணீர் பாதி ஹோலில் கிடந்தது.

புறப்படும் காலை, சாவியைக் கழுவி, துடைத்து, குசினிக்குக் கொண்டுபோனேன். மாமி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கழுவினீங்களா?"

"மூணு தண்ணிங்க மாமி."

சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை மேசையில் வைத்துவிட்டு, வாளியை எடுத்தார். நேரே ஹோலுக்குப் போய்த் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வாளியை நிரப்பினார். அலுமாரிக் கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"இத எப்புடி கழற்றுறது எண்டு ஒருக்கா காட்டித் தாங்க. இவங்க செஞ்சா வீடு மிதக்கும்."

நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"மோட்டாராம்" என்றார் மாமி. "நான் வாரா வாரம் தொறந்து கழுவின சாமான், எனக்கே மோட்டாரெண்டு செல்றீங்க."

"தெரிஞ்சும்… தெரிஞ்சும் ஏங்க மாமி ஒண்ணும் சொல்லல?"

"என்னத்த செல்ற? பின்ன எதுக்கு நான் மாசா மாசம் தங்கச்சிட ஊட்டுக்குப் போற? அவட ஊட்டுல ஒரு கோப்ப தேத்தண்ணி குடிக்க ஏலுமா மனிசருக்கு? பீங்கான ஒரே தண்ணில கழுவுற ஆள்." இதைச் சொல்லும்போது அவர் உடம்பு உண்மையிலேயே சிலிர்த்தது. "நீங்க அத செஞ்சு முடிக்கிற வரைக்கும் அங்க ஈந்துட்டு வார."

நான் மூடியின் கொக்கிகளைக் கழற்றினேன். மாமி சொல்லிக்கொண்டே போனார்.

"ஒரு நாளைக்கு மட்டும் தொறந்தேன். பொய் செல்லல்ல. நீங்க வேலைக்கு, இவங்க தூக்கம். பஞ்ச கையில எடுத்தேன். என்னா ஊத்த! பைப்படிக்குப் போயிட்டேன். பைப்பயும் தொறந்துட்டேன். அப்ப இவங்க எழும்பி, ஹோலுக்க முதலாளிக்கு உடுக்கிற சாரம் விக்கிற சத்தம் கேட்டிச்சு. 'ரெண்டு எடுங்க முதலாளி, ஒண்டு பெருநாளைக்கு' எண்டு செல்றாங்க." மாமி தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பைப்ப மூடினேன். அப்புடியே கொண்டு வந்து வெச்சிட்டேன்."

பஞ்சை அவரிடம் கொடுத்தேன். கறுத்து, வழுவழுப்பாக, சதுப்பு மண் வாடையோடு இருந்தது. மாமி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு வாளிக்குள் அதை ஒருமுறை அமுக்கினார். தண்ணீர் தேத்தண்ணி நிறமானது. கை தானாக இரண்டாவது முறைக்குப் போய், வழியிலேயே நின்றது.

"போதுமா?"

"போதுங்க மாமி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

ஊத்தைப் பஞ்சை அதன் இடத்தில் வைத்து, மூடியை அமர்த்தி, கொக்கிகளைப் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி வந்து அவரைப் பார்த்தது. ஜன்னலோரம் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த மாமாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மாமி எழுந்து குசினிக்குப் போனார். முதலில் கையைக் கழுவினார், மூன்று தண்ணீரில். பிறகு மேசையிலிருந்த சாவியை எடுத்து, நான் கழுவிக்கொடுத்த அதே சாவியை, இன்னொரு முறை கழுவினார்.